நக்சோஸ் போறவைக்கு விக்னராஜா சொல்லுறது

கிரேக்கத்து நக்சோஸ் தீவுக்குப் போறதெண்டால் விக்னராஜாவைக் கேளுங்கோ. ஏதென்சில ஒரு இரவு தங்கி, விடிய வெள்ளனக் கப்பல் ஏற வேணும். கழிப்பறைக் கடதாசியைக் குழிக்குள்ள போடப்படாது, பக்கத்தில வாளி இருக்கும். மத்தியானத்தில கன கடையளைச் சாத்திப்போட்டுப் படுத்திடுவாங்கள். திரும்பேக்க பிளேனுக்கு ஒரு நாள் முதலே ஏதென்சுக்கு வந்திட வேணும், காத்துக் கூடினால் கப்பலை நிப்பாட்டிப் போடுவாங்கள். எல்லாம் மனப்பாடம். ஆனால் மனிசன் வள்ளத்தில வந்திறங்கின நாள் தொட்டு ஆஸ்திரேலியாவுக்கு வெளியில ஒரு அடி வைச்சதில்லை. ஊருக்குத்தான் உபதேசம் எண்டு சொல்லுறது இவரைப் பாத்துத்தான் சொன்னாங்களோ தெரியாது.

மெல்பேர்னில ஓக்லீ எண்ட இடத்தில ஒரு கிரேக்கக்காரற்ற பயணக் கடையில போன் எடுக்கிறதுதான் அவருக்கு வேலை. அகதிக் கேஸை எப்பவோ மறுத்துப்போட்டாங்கள். கையில இருக்கிறது பிரிட்ஜிங் விசா எண்ட தற்காலிக அனுமதி. அதில வேலை செய்யலாம், வரி கட்டலாம். நாட்டை விட்டுப் போகவும் செய்யலாம், திரும்பி வரத்தான் விடமாட்டாங்கள். தொடக்கத்தில அவருக்குக் கோவம் வந்தது. பிறகு அழுகை வந்தது. பிறகு ஒண்டும் வரேல்லை. ஒண்டும் வராமல் இருக்கிறது ஒரு வகையில சுகம்தான் எண்டு அவரும் விட்டிட்டார். ஆர் என்ன கேட்டாலும் "ஓம், செய்யலாம்" எண்டு சொல்லப் பழகியிட்டார்.

அவர் வள்ளம் ஏறேக்க மகள் வினுஷாவுக்குப் பன்ரெண்டு வயசு. பிறகு மனிசி ரஞ்சினி நர்ஸ் வேலை எடுத்து, பிள்ளையையும் கொண்டு லண்டனுக்குப் போயிட்டா. ஒருக்கால் ரெண்டு பேரும் மெல்பேர்னுக்கு வந்து பாத்திட்டுப் போனவை. இப்ப வினுஷாவுக்குக் கலியாணம். மாப்பிள்ளை நிதுஷனும் லண்டன் பெடியன்தான். ரெண்டு பேருமாச் சேந்து கலியாணத்தை நக்சோஸில வைக்கப் போகினமாம். இந்தக் காலத்துப் பிள்ளையளுக்குத் தீவில கலியாணம் கட்ட வேணும், என்ன செய்யிறது. மெல்பேர்னில வையுங்கோ எண்டு தகப்பன் ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம். கேக்கேல்லை. "நல்லது அம்மா, அங்க ஜூனில காத்துக் கொஞ்சம் குறைவு" எண்டுதான் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிரெய்கிபர்னில இருந்து தமையன் கதிர்காமநாதனும் அண்ணி சந்திரவதனாவும் கிளேட்டனில இருக்கிற விக்னராஜாவின்ர வீட்டுக்கு வந்தினம். கலியாணத்துக்குப் போறவை, விபரம் கேக்க வேணுமெல்லோ. விக்னராஜா தேத்தண்ணி ஊத்திக் குடுத்தார்.

"அண்ணி, குதி உயந்த செருப்பு வேண்டாம். பழைய பட்டணம் முழுக்கக் கல்லுப் பாதை. ஏற்றமும் கூட."

"அப்ப பட்டுச் சீலைக்குக் கீழ சப்பாத்தே போடுறது?"

"போடுங்கோ. ஆர் உங்கட காலைப் பாக்கிறது."

"தேங்காய்?" எண்டார் தமையன்.

"தீவில தேட வேண்டாம். ஏதென்சில எங்கட ஆக்கள்ற கடையில வாங்கிக்கொண்டு ஏறுங்கோ. கப்பலில மேல் தட்டில இருக்காதேங்கோ, உங்களுக்குச் சத்தி வரும்."

சந்திரவதனா தேத்தண்ணிக் கோப்பையைக் கதிரைக்குப் பக்கத்தில வைச்சிட்டுப் புருசனைப் பாத்தா. கதிர்காமநாதன் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, தாரை வாக்கிறதைப் பற்றி ஒரு கதை. சோடியா நிண்டுதான் குடுக்க வேணுமாம், ஐயர் சொல்லிப்போட்டார். புருசன் உயிரோட இருக்கேக்க ரஞ்சினி தனிய நிண்டால் பாக்கிற சனம் வேற மாதிரியெல்லே நினைக்கும். அதுதான் நானும் அண்ணியும் நிக்கலாமெண்டு…"

தாரை வாக்கேக்க தகப்பன் பொம்பிளையின்ர கையைப் பிடிச்சு மாப்பிள்ளையின்ர கையில குடுப்பார், தாய் தண்ணி வாப்பா. தகப்பன் இல்லாத இடத்தில பெரியப்பாவும் பெரியம்மாவும் நிக்கிறது வழக்கம்தான், அதில பிழை சொல்ல ஒண்டுமில்லை. தான் கோவப்படுவன் எண்டு தமையன் பயந்துகொண்டிருக்கிறார் எண்டது விக்னராஜாவுக்கு விளங்கினது. உள்ளுக்குள்ள தேடிப் பாத்தார். கோவமும் இல்லை, கவலையும் இல்லை.

"ஓம் அண்ணை, செய்யலாம். காத்துக்கு உருளாமல் செம்பு கொஞ்சம் பாரமானதாக் கொண்டு போங்கோ."

தமையனுக்கு மூச்சு வந்தது. ரெண்டாவது தேத்தண்ணியும் குடிச்சு, போட்டு வாறம் எண்டு சொல்லி வெளிக்கிட்டினம்.

அண்டைக்குப் பின்னேரம் லண்டனில இருந்து ரஞ்சினி எடுத்தா. வேலைக்கு வெளிக்கிட முன்னம் எடுத்திருக்கிறா போல, குரலில அவசரம் தெரிஞ்சது.

"சந்திரவதனா அக்கா இப்பத்தான் போன் பண்ணினவ. நீங்கள் ஓம் எண்டு சொன்னனீங்களாம்?"

"ஓம். ஐயர் அப்பிடித்தான் சொன்னவராம்."

"என்னைக் கேட்டனீங்களோ?"

அவர் போனை மற்றக் காதுக்கு மாத்தினார்.

"நீங்கள் வரேலாததுக்கு விசா காரணம். அதுக்கு நான் இத்தினை வருசம் உங்களில ஒரு குற்றம் சொல்லேல்லை. இப்ப என்ர பிள்ளையின்ர கலியாணத்தில நான் சனத்தோட சனமாத் தள்ளி நிக்கிறதுக்கு ஆர் காரணம்? எந்த விசா, சொல்லுங்கோ பாப்பம்."

"ரஞ்சினி…"

"காய்ச்சல் வந்தால் முழிச்சிருந்தது நான். பள்ளிக்கூடத்தில கையெழுத்து வைச்சது நான். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில என்ர இடத்தைத் தூக்கிக் குடுத்துப்போட்டியள். உங்களுக்கு ஒண்டுமே தைக்கேல்லையோ?"

தைக்கேல்லைத்தான். அதை எப்பிடிச் சொல்லுறது. அவ அழுதுகொண்டு போனை வைச்சிட்டா.

விக்னராஜா குசினிக்குள்ள போய், மத்தியானத்துக் கோப்பையளைக் கழுவத் தொடங்கினார். ஒரு கோப்பையைக் கழுவிப் போட்டுத் திரும்பவும் அதையே கழுவினார். இவ்வளவு காலமும் இந்த மரத்த மனசு தன்னோட மட்டும் நிக்குதெண்டுதான் நினைச்சிருந்தார். அது ரஞ்சினியின்ர கையில இருந்ததையும் பறிச்சிருக்கு. கையைத் துடைச்சிட்டுத் தமையனுக்கு எடுத்தார்.

"அண்ணை, மத்தியானம் சொன்னது சரிவராது. ரஞ்சினிதான் நிப்பா."

"தனியவோ? விசர்க் கதை கதையாதை. ஐயருக்கு என்ன சொல்லுறது?"

"நான் சொல்லுறன் அவருக்கு. அவர் மாட்டனெண்டால் வேற ஐயரைப் பாப்பம்."

"சனம் என்ன சொல்லும் தம்பி? நீ செத்துப்போனாய் எண்டெல்லே நினைக்கும்."

"நினைச்சிட்டுப் போகட்டும் அண்ணை. அவள் தனியத்தான் வளத்தவள். தனியவே குடுக்கட்டும்."

"சரியடா" எண்டார் கதிர்காமநாதன்.

போனை வைச்சிட்டு விக்னராஜா குசினி நிலத்திலயே இருந்திட்டார். மகளை வளத்தது தானில்லை எண்டதைத் தன்ர வாயாலயே சொல்லிப்போட்டார். எத்தினையோ வருசத்துக்குப் பிறகு அவருக்கு அழுகை வந்தது.