தலையாட்டும் வகுப்பு

மத்தியான வகுப்பு தண்ணீருக்கு அடியில் நடப்பது போலவே, பல்கலைக்கழகத்தில் கணக்குப் பாடம் நடத்தும் கணக்கம்மாவுக்குத் தோன்றும். ஜன்னல் வெளிச்சத்தில் சாக்பீஸ் தூள் மிதக்கும். முகங்கள் மெல்ல அசையும். "புரியுதா?" என்பார். எல்லாத் தலைகளும் ஆடும். தேர்வு வந்தால் பாதிப் பேர் கோட்டை விட்டிருப்பார்கள்.

"இந்தத் தடவையும் இப்படின்னா நான் தேர்வுப் பிரிவுக்கே போயிடறேன். அங்க ஒரு நாற்காலி காலியா இருக்கு" என்று வீட்டில் சொல்லியிருந்தார். சொன்ன அன்று சோறு இறங்கவில்லை. வகுப்பில்லாத கணக்கம்மாவை அவராலேயே நினைத்துப் பார்க்க முடியவில்லை.

தன் முதுகு தனக்குத் தெரியாது. பெரிய பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்களுக்கு மட்டும் தெரிந்துவிடுமா என்ன? அதனால்தான் மூன்று துறைக்காரர்கள் சேர்ந்து, தாங்கள் பாடம் நடத்தும் லட்சணத்தையே ஆராய்வது என்று முடிவு செய்தார்கள். ஒருவர் நடத்தும்போது மற்ற இருவரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கணக்கம்மாவின் வகுப்புக்குச் செடிக்காரரும் இசைத் துறைப் பாட்டு மேடமும் வந்தார்கள். செடிக்காரர் தாவரவியல், ஒரு மொட்டு விரிவதைப் பார்க்க நாள் பூராவும் உட்காருகிற ஆள்.

வகுப்பு முடிந்து தேநீரோடு உட்கார்ந்ததும் அவர்தான் ஆரம்பித்தார். "கோவிச்சுக்காதீங்க. 'புரியுதா'ன்னு கேட்டுட்டு முதல்ல நீங்கதான் தலையாட்டுறீங்க. அதைப் பார்த்துதான் பசங்க ஆட்டுறாங்க."

"நானா?" என்று கேட்டபடியே கணக்கம்மா தலையாட்டினார். பாட்டு மேடம் சிரித்த சிரிப்பில் தேநீர் புடவையெல்லாம் கொட்டியது.

"கேட்டுட்டு சும்மா நில்லுங்க மேடம். பாட்டுல இடைவெளியும் தாளத்தோட சேர்த்திதான்" என்றார், புடவையைத் துடைத்துக்கொண்டே.

மறுநாள் இருவரும் மறுபடி கடைசி பெஞ்சில். "புரியுதா?" என்று கேட்டுவிட்டு, கணக்கம்மா தலை ஆடிவிடாமல் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டார். கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது கேள்வி. வெளியே மரம் அசைய, அதன் நிழல் கரும்பலகைச் சமன்பாடுகளின் மேல் ஊர்ந்து போய்த் திரும்பி வந்தது. எந்தத் தலையும் ஆடவில்லை. எதைப் பார்த்து ஆடுவது என்று பாவம், அவர்களுக்குத் தெரியவில்லை.

"மேடம்..." முதல் பெஞ்சுப் பெண். எப்போதும் எல்லோருக்கும் முன்னால் தலையாட்டுகிற கெட்டிக்காரி. "புரியல."

"எந்த வரிம்மா?"

"வரியில்ல மேடம். போன மாசத்துலேருந்தே."

"எனக்கும்" என்று ஒரு குரல். அப்புறம் இன்னொன்று. கடைசி பெஞ்சில் செடிக்காரரும் கையைத் தூக்கினார்.

வகுப்பே சிரித்தது. கணக்கம்மாவுக்குக் கண் கலங்கியது. வெட்கமாகவும் இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை நாளும் இந்தப் பிள்ளைகள் தன்னிடம் பேசக் காத்திருந்திருக்கிறார்கள், தான்தான் இடம் விடவில்லை. தேர்வுப் பிரிவு நாற்காலியில் வேறு யாராவது உட்காரட்டும்.

பலகையை முழுக்க அழித்தார்.

"எங்கேருந்து ஆரம்பிக்கலாம், சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றார்.