பிழையென்றால் உட்கார வேண்டும்

இலங்கையில், உக்குவளைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பாடசாலை. அங்கே தலைமை ஆசிரியர் இத்ரூஸ் மாஸ்டரின் காலைக் கூட்டம் என்றாலே பிள்ளைகள் முதல் நாள் இரவே புத்தகத்தைப் புரட்டுவார்கள். குர்ஆன் வசனம் ஓதி முடிந்ததும் பொது அறிவு தொடங்கிவிடும். எல்லோரும் முற்றத்தில் நிற்க, அவர் கேட்பார். ஒரே குரலில் விடை வர வேண்டும். எவருடைய வாய் பிழையாக அசைந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. பிழை விட்டவர் நின்ற இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட வேண்டும். ஒரு நாளும் உட்காராத ஒரே பிள்ளை அவருடைய மகள் ஜெஸீமாதான். மற்றவர்கள் வாய் திறக்கும் முன்பே அவள் குரல் முந்திக்கொண்டு வரும்.

அவள் மௌத்தாகி, அடக்கம் செய்து இரண்டு வருஷமாகிறது. குரல் மட்டும் இன்னும் முந்திக்கொண்டுதான் வருகிறது.

வளையம் உள்ள கோள் எது என்று கேட்பார். "சனி" என்று ஒரு மெல்லிய குரல் முதலில் வரும். மற்றப் பிள்ளைகளின் சத்தம் அதற்குப் பின்னால்தான். திரவமாக இருக்கும் உலோகம் எது என்பார். "பாதரசம்" என்று அவள் சொன்ன பிறகுதான் மற்றவர்கள். அவரைத் தவிர வேறு எவருக்கும் அது கேட்டதில்லை. முதல் நாள் மனுஷன் பயந்துதான் போனார். பிறகு பயம் போய் ஆசை வந்துவிட்டது, பொல்லாதது அதுதான். ஐந்து கேள்வி பத்தாகி, பத்து இருபதாகி, வெயிலில் நின்ற பிள்ளைகள் சுருண்டு விழத் தொடங்கினார்கள். பெற்றோர் முணுமுணுத்தார்கள். மாஸ்டர் காதில் எதுவும் ஏறவில்லை.

அவர் மனைவி ஜுனைதாவுக்கு மட்டும் காரணம் தெரியும். ஒருநாள் அவரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். அவள் அழவில்லை.

"மௌத்தான புள்ளைய இப்படி நிக்க வச்சிக்கிட்டே இருக்கீங்களே. அவளுக்குக் கால் வலிக்காதா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாளும் கேள்விகள் இருபதுதான்.

ஆனால் ஒரேயொரு கேள்வியை மட்டும் அவர் தொடுவதே இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு விடுமுறைக்குப் பல்லேகமையில் சாச்சா வீட்டுக்குப் போய் வந்த ஜெஸீமா, வந்த கொஞ்ச நாளில் காய்ச்சலில் விழுந்தாள். போர்வைக்கு மேல் போர்வை போட்டும் உடம்பு தூக்கிப் போட்டது. ஜுனைதா சின்ன வயதில் கூடப்பிறந்த மூத்த காக்காவை மலேரியாவுக்குப் பறிகொடுத்தவள். இதுவும் அதேதான், டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரத்தம் சோதிப்போம் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். மாஸ்டர் சிரித்தார். மலேரியா ஒழிந்துவிட்டது என்று பொது அறிவுப் புத்தகத்தில் கறுப்பு எழுத்தில் இருக்கிறதே! அவள் விடாமல் நச்சரிக்கவும், கட்டிலருகே போய் மகளிடமே கேட்டார்: நம் நாட்டிலிருந்து முற்றாக ஒழிக்கப்பட்ட நோய் எது?

பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ள, "மலேரியா, வாப்பா" என்றாள் பிள்ளை.

"கேட்டியா? புள்ளைக்குத் தெரிஞ்சது ஒனக்குத் தெரியல்ல" என்றார் மனைவியிடம்.

கொத்தமல்லித் தண்ணீரோடு நாட்கள் போயின. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது அவளுக்கு நினைவில்லை. அந்த வருஷம் நோய் திரும்பி வந்திருந்தது ஊருக்கெல்லாம் தெரியும், புத்தகத்துக்குத்தான் தெரியாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்தச் சுரைக்காய் பிள்ளையையே தின்றுவிட்டது.

இப்படியிருக்க, பாடசாலையைப் பார்வையிட வித்தியாதரிசி வந்தார். காலைக் கூட்டத்தைப் பார்த்து மனம் குளிர்ந்து, தானும் ஒன்று கேட்கிறேன் என்று முன்னால் வந்தார். அவரிடம் இருந்ததும் அதே பழைய புத்தகம்தான்.

"நம் நாட்டிலிருந்து முற்றாக ஒழிக்கப்பட்ட நோய் எது?"

மாஸ்டர் வீட்டில் நடந்தது பிள்ளைகளுக்குத் தெரியும். எல்லாக் கண்களும் அவர் முகத்தில்தான். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அந்த அமைதியில் அவள் குரல் வந்தது. முந்திக்கொள்ள இன்று யாருமில்லை. பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தத்தோடு, மெதுவாக, "மலேரியா, வாப்பா" என்றது. பாடசாலையில் அவரை 'சேர்' என்றுதான் அழைக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அவள் அதை மீறியதே இல்லை. இன்றுதான் வாப்பா என்கிறாள்.

சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவள் நாளைக்கும் வருவாள், நாளை மறுநாளும் வருவாள். அந்தச் சொல் அவர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இரண்டு வருஷமாகச் செத்தும் நிற்கிறாளே, இன்னும் குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்கிறாளே என்று நினைத்ததும் அதை விழுங்கிக்கொண்டார்.

"பிழை, மகள்" என்றார். "பிழையாச் சொல்லித் தந்தது வாப்பாதான். நீ உக்காரு."

யாரிடம் பேசுகிறீர்கள் மாஸ்டர் என்று வித்தியாதரிசி திகைத்துப் போய்க் கேட்டார். பெண்பிள்ளைகளின் வரிசையில் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு யாரோ மண்ணில் அமரும் சரசரப்பு மாஸ்டருக்குக் கேட்டது. ஆனால் அங்கே எல்லாப் பிள்ளைகளும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

மறுநாள் காலை, இலங்கையின் நீளமான ஆறு எது என்று கேட்டார். "மகாவலி" என்று எல்லோருடைய குரலும் ஒன்றாக வந்தது. முந்தி ஒரு குரலும் வரவில்லை. இரண்டாவது கேள்வி கேட்காமல் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பினார்.

முற்றம் காலியான பிறகும் அவர் மட்டும் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். அவரை உட்காரச் சொல்ல யாருமில்லை.