குருவின் தலையும் நெடுமாறனின் நெஞ்சும்

செஞ்சி கூட்டுரோட்டில் குருவுக்கு வைத்திருந்த கண்ணீர் அஞ்சலி பேனரைப் பார்த்ததும் நெடுமாறன் பைக்கை நிறுத்தினார். அழுவதற்காக அல்ல. குருவின் கழுத்துக்குக் கீழே இருக்கும் உடம்பு தன்னுடையதுதானா என்று உறுதி செய்துகொள்வதற்காக.

சந்தேகமே இல்லை. போன சுதந்திர தினத்துக்குத் தன் செலவில் அவர் வைத்த பேனரில் இருந்த அதே சீருடை. மூன்றாவது பதக்கம் கோணலாகத் தொங்கியது. அன்று அவசரத்தில் அதைக் குத்திவிட்டவள் அவர் மனைவி சுமலதா. தலை மட்டும் மாறியிருந்தது.

நெடுமாறன் இந்திய ராணுவத்தின் கிடங்கு ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கம்பளி, பூட்ஸ், டார்ச் லைட் ஆகியவற்றை எதிரி நெருங்காமல் காத்தவர். எதிரியும் நெருங்க ஆசைப்பட்டதில்லை. ஆனாலும் ஊரில் அவருக்கு 'மிலிட்டரி' என்றுதான் பெயர். ஆகஸ்ட் பதினைந்தன்று தெருமுனைக் கம்பத்தில் கொடியேற்றுவது அவர்தான்.

குருவும் அதே தெருதான். மார்பளவு போதாதென்று ஆள்சேர்ப்பில் திருப்பி அனுப்பப்பட்டவன். பாண்டிச்சேரிக்காரர் ஒருவரைப் பிடித்து பிரான்சுக்குப் போனான். ஓட்டலில் தட்டு கழுவினான். பிறகு, வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொள்ளும் அந்த நாட்டுப் படையில் சேர்ந்தான். ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் நிஜமான போர். அங்கேயே இறந்தும் போனான். வியாபாரிகள் சங்கத் தலைவர் பச்சைமுத்து உடனே அறிவித்துவிட்டார்: இந்த வருடம் கொடியேற்றப்போவது மாவீரன் குருவின் மனைவி வெண்மதி.

நெடுமாறன் நேராக ஃபிளக்ஸ் கடைக்குப் போனார்.

"ஏண்டா காமராஜ், எவன் நெஞ்சுல எவன் தலைடா?"

"கோச்சுக்காதணா. அந்தக்கா அனுப்புன போட்டோவுல அவரு பனியனோட இருக்காரு. வீரனாட்டமே இல்ல. தலைவரு கம்பீரமா வேணும்னாரு. உன்னுது சிஸ்டத்துலயே இருந்திச்சி."

"அது இந்திய ராணுவ டிரஸ்ஸுடா! அவன் இருந்தது வேற நாட்டுப் பட்டாளம்!"

"பச்சையா இருந்திச்சி இல்ல, வுடுணா. படத்திறப்புக்கும் இதையே பெருசா போட்டு பிரேம் பண்ணிட்டேன்."

மார்பளவு போதாதவனுக்கு மார்பு கிடைத்துவிட்டது. அதுவும் தன்னுடையது. இதை சுமலதாவிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வேறு பக்கமாக ஆரம்பித்தார்.

"குண்டடி பட்டா செத்தான் அவன்? மலேரியா! கொசு கடிச்சிச் செத்தவனுக்கு இன்னாடி மாவீரன் பட்டம்?"

"உன்னையும்தான் இருபது வருசம் கொசு கடிச்சிது. இன்னா பட்டம் வந்திச்சி?" சுமலதா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "செத்தவனப் பாத்து வயிறெரியற ஆள இப்பதான் மாமா பாக்கறேன்."

பதினாறாம் நாள் படத்திறப்பில் மைக்கைப் பிடித்து இரண்டு உண்மைகளைப் போட்டு உடைப்பது என்று நெடுமாறன் முடிவு செய்தார். நெஞ்சு என்னுடையது. காய்ச்சல் அவனுடையது.

அன்று பந்தல் நிறையக் கூட்டம். பச்சைமுத்து திரையை விலக்கினார். படத்துக்குச் சந்தன மாலை போட்டார். மைக்கை இழுத்தார்.

"பாருங்கள் இந்த நெஞ்சை! எத்தனை குண்டுகளுக்கு முன்னால் நிமிர்ந்த நெஞ்சு! ஒவ்வொரு பதக்கமும் ஒரு போர்க்களம்!"

ஒன்று, ஒன்பது வருடம் ஒழுங்காக வேலைக்கு வந்ததற்குக் கொடுத்தது. இன்னொன்று, இருபது வருடம் வந்ததற்கு. கோணல் பதக்கம், சுதந்திரத்துக்கு எழுபத்தைந்து வயதானபோது பணியில் இருந்த எல்லோருக்கும் கொடுத்தது. கைதட்டல் பந்தலைத் தூக்கியது. நெடுமாறனுக்கு உடம்பு சிலிர்த்தது. தன் நெஞ்சைப் பற்றி இதுவரை யாரும் இப்படிப் பேசியதில்லை. தலைவர் இன்னும் கொஞ்சம் பேசினால் தேவலை என்றிருந்தது. கைதட்டல் எல்லாம் கழுத்துக்கு மேலே போய்ச் சேர்ந்ததுதான் தாங்கவில்லை.

அடுத்து மாலை போட வெண்மதியைக் கூப்பிட்டார்கள். அவள் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு படத்தையே பார்த்தாள்.

"தல அவருது. ஒடம்பு அவருது இல்ல," என்றாள். மைக் அதை எல்லோருக்கும் சொன்னது. "அவரு ஒல்லி. ஜொரத்துல போனாரு, யாரும் சுடல. வேற ஆம்பள ஒடம்புக்கு நான் எப்படிங்க மால போடறது?"

பெண்கள் பக்கத்திலிருந்து சுமலதா எழுந்து படத்தருகே போய்க் குனிந்து பார்த்தாள்.

"அடப்பாவிங்களா! இது நான் குத்துன மெடலு! உசுரோட குந்தினு இருக்கற மனுசனுக்கு மாலயப் போட்டுட்டீங்களே! கழட்டுங்கய்யா மொதல்ல!"

கூட்டம் மொத்தமும் நெடுமாறன் பக்கம் திரும்பிச் சிரித்தது. "இன்னா மிலிட்டரி, எந்தப் போர்க்களம்?" என்று ஒரு குரல் கேட்டது. பிடிக்க நினைத்த மைக் எதிரிலேயே இருந்தது. நெடுமாறன் செருப்பைப் பார்த்தார்.

வெண்மதி தன் செல்போனை எடுத்து முன்வரிசையில் இருந்தவர்களிடம் கொடுத்தாள். அது கைமாறக் கைமாறச் சிரிப்பு அடங்கியது. பந்தலில் பாதிப் பேர் எழுந்து அவளருகே போய் நின்றார்கள்.

பச்சைமுத்து நெடுமாறனின் காதுக்குள் வந்தார். "ஜொரம்னு அந்தம்மாவே சொல்லிடுச்சி. நம்ம விழாவுக்குச் சரிப்படாது. கொடிய வழக்கம்போல நீயே ஏத்திடு."

கேட்க நினைத்தது கேட்காமலே கிடைத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து போன் அவர் கைக்கு வந்தது. கூடாரத்துக்குள் ஒரு கட்டில். கன்னம் ஒட்டிய குரு, பனியனோடு உட்கார்ந்திருக்கிறான். அவன் கையிலேயே ஊசி ஏறியிருக்கிறது. இன்னொரு கையால், பக்கத்துக் கட்டில்காரனுக்கு ஏறும் குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு.

பேனரைப் பார்த்தபோது எரிந்ததைவிட இப்போது அதிகமாக எரிந்தது. பேனருக்கு எதிர்பேனர் வைக்கலாம். இதற்கு எதிரே எதை வைப்பது? இதைப் பார்த்தவர்கள் முன்னால் கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றால், ஒவ்வொருவனும் அவர் தொப்பையைத்தான் பார்ப்பான்.

"அந்தம்மாவே ஏத்தட்டும்," என்றார்.

"பெருந்தன்மை! பெருந்தன்மை!" பச்சைமுத்து மைக்குக்கு ஓடினார்.

அப்படி ஒன்றும் இல்லை என்று நெடுமாறனுக்குத் தெரியும். இருந்தாலும் தடுக்கவில்லை. தலைவர் அறிவித்து முடிக்கும்வரை, கைதட்டுகிறார்களா என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

தட்டினார்கள், கொஞ்சம்.