பானை மூடும் வரை

இருசம்மாள் தன் புருஷனைப் பாய்மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். கயிறு மார்பை அழுத்தாமல் இருக்க அக்குளுக்குக் கீழே பழைய சேலையைச் சுற்றி, இடுப்பில் ஒரு முடிச்சு, மரத்துக்குப் பின்னால் ஒரு முடிச்சு. முதுகுக்கும் மரத்துக்கும் நடுவில் வைக்கோல் தலையணை. சுண்ணாம்புக்குளத்துக் கரையில் காலையில் வேலை இல்லாதவர்கள் எல்லோரும் வந்து நின்றுவிட்டார்கள். வேலை இருந்தவர்களும்தான்.

"இன்னா இருசம்மா, புருசன் எயுந்து ஓடிப் போயிடுவாருன்னு பயமா?" என்றாள் ஒருத்தி.

"ஓடுறதுக்கு மூச்சு இருந்தா நான் ஏன்டி கட்டறேன்?"

தேசப்பனுக்கு இழுப்பு. படுத்தால் மூச்சு அடைத்துவிடும் என்று பல வருஷமாக உட்கார்ந்தேதான் தூங்குகிறான். ஒரு காலத்தில் குப்பத்திலேயே அதிகம் பேசியவன் அவன். அவன் வலையில் விழுந்த மீனைவிட வாயில் விழுந்த ஆட்கள் அதிகம். இப்போது வார்த்தைக்கு ஒரு மூச்சு செலவாகிறது. அதையும் நல்ல காரியத்துக்குச் செலவு செய்தான் என்று சொல்ல முடியாது. நோய் முற்றி இந்தக் கரையில் மச்சான் வீட்டில் வந்து தங்கியவன், மச்சான் பெண்டாட்டி வைத்த ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "கழுநீர்" என்றான். அந்த வீட்டில் சண்டை ஓய இரண்டு நாள் ஆயிற்று.

பிரயாணம் போகிறவர்கள் கட்டுச்சோறு கட்டுவார்கள். இருசம்மாள் கட்டியது வேறு மூட்டை. புகை பிடிக்கக் காய்ந்த ஊமத்தை இலை, நெருப்பு அணையாத கணப்புச் சட்டி, சுக்குத் தண்ணீர், ஒத்தடத்துக்கு உப்புப் பை. கல்யாணமோ காதுகுத்தோ, எங்கே போனாலும் இதெல்லாம் போகும். பனி இறங்கும்போது கிளம்பக்கூடாது, சுண்ணாம்புச் சூளைப் புகை வீசும் பக்கம் போகக்கூடாது, காற்றுக்கு முகம் காட்டி உட்காரக்கூடாது. புருஷனோடு ஏரியைக் கடப்பதற்கு அவளிடம் இருந்த சட்டதிட்டங்கள் ஒல்லாந்தர் கோட்டையில்கூட இருக்காது. அன்றைக்கும் பனி விலகட்டும் என்று காத்திருந்தாள். அதில் பாதிக் காலை போய்விட்டது.

அசைக்கவே கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். சொன்னவருக்கு ஏரியில் பாடு இல்லை. அதனால் சொல்லிவிட்டார்.

ஏரித் தண்ணீர் எல்லோருக்கும் பொது என்று வெளியூர்க்காரன் நினைத்துக்கொள்ளலாம். எந்த இடத்தில், எந்த நாளில், யார் இறால் வலை கட்டுவது என்பதுதான் பாடு. தை மாதத்தில் ஒரு நாள் அக்கரையில் குப்பத்து அம்மன் கோயில் முன்னால் பானை வைப்பார்கள்; அன்றைக்கு அந்த நாள். குடும்பத்துக்குத் தலைவனான தலைக்கட்டு ஆண் ஒவ்வொருவனும் தன் அடையாளத்தைத் தன் கையால் அதில் போட வேண்டும். ஒருவனுக்குப் பனங்கொட்டை, ஒருவனுக்கு வலைக்குண்டு, தேசப்பனுக்கு ஒரு வெள்ளைச் சிப்பி. பானையை மூடிய பிறகு ஒவ்வொரு இடத்துக்கும் ஒன்றாகக் கைவிட்டு எடுப்பார்கள். பெண்டாட்டி போட முடியாது, மச்சான் போட முடியாது. போட்ட பிறகு ஆள் செத்தால் அந்த வருஷத்துப் பாடு விதவைக்கு. கூலிக்கு ஆள் வைத்தாவது பிடித்துப் பிழைத்துக்கொள்ளலாம். போடும் முன்னால் செத்தால் ஒரு இறால்கூடக் கிடையாது. மகன் இருந்தால் கதை வேறு. இருசம்மாள் பெற்றது இரண்டும் பெண். இரண்டும் இப்போது தம்பி வீட்டில், கழுநீர் என்று பேர் வாங்கிய ரசத்தைக் குடித்துக்கொண்டிருந்தன.

பானை மூடுவது உச்சிப் பொழுதில். முன்பு நிழலைப் பார்த்துத்தான் மூடினார்கள்; யாருடைய நிழல் என்று வருஷா வருஷம் அடிதடி. பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் உச்சிக்கு ஒரு வெடி போட ஆரம்பித்த பிறகு அம்மனுக்கும் அதுவே கணக்கு என்று ஆகிவிட்டது. பூசாரிக்கு அதில் மனத்தாங்கல்தான். ஆனால் வெடி எல்லோர் காதிலும் ஒரே நேரத்தில் விழுந்தது.

தம்பி எத்திராசன் பாயை அவிழ்த்தான். வாடைக் காற்று பிடித்துத் தள்ளியது. கரையில் நின்றவர்கள் சின்னதாகிப் போனார்கள்.

"யோவ், மூச்சு உட்டுக்கினே இரு. வேற ஒண்ணும் நீ பண்ண வேணாம்," என்றாள் இருசம்மாள்.

தேசப்பன் அவளைப் பார்த்தான். "பெரிய... சலுகை," என்றான்.

அவள் சிரித்தாள். வார்த்தைக்கு வார்த்தை கிண்டல் வந்தால் ஆள் தேவலை என்று அர்த்தம்.

நடு ஏரியில் அது வந்தது. முதலில் விசில் மாதிரி ஒரு சத்தம், பிறகு கழுத்து நரம்புகள் கயிறாகப் புடைத்தன, விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போனது. இருசம்மாள் ஊமத்தை இலையைக் கணப்பில் போட்டு, சேலைத் தலைப்பால் இருவர் தலையையும் மூடி, புகையை அவன் முகத்துக்கு விசிறினாள். எத்தனையோ தடவை காப்பாற்றிய புகை. இந்தத் தடவை உள்ளே போகவே இல்லை. உப்புப் பையைச் சூடாக்கி முதுகில் வைத்தாள். சுக்குத் தண்ணீர் கடைவாயில் வழிந்தது. மூட்டையில் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. பிறகு அம்மனைத் திட்டினாள், வைத்தியரைத் திட்டினாள், கோட்டையில் ரத்தம் எடுத்துவிட்டு அனுப்பிய வெள்ளைக்கார வைத்தியனையும் விடவில்லை.

தேசப்பன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். கண்கள் சுண்ணாம்புக்குளத்துப் பக்கம் போயின.

"திருப்பு," என்றான்.

பின்னால் சுக்கானைப் பிடித்திருந்த எத்திராசனுக்குப் பாய் படபடத்ததில் காது கேட்கவில்லை. "யக்கா, மாமா இன்னா சொல்றாரு?"

இருசம்மாள் தலைப்புக்குள்ளிருந்து வெளியே வந்தாள். இரண்டு கரையும் ஒரே தூரத்தில் தெரிந்தன. கோட்டைக் கொடிமரம் தெற்கே மெல்லிய குச்சியாக நின்றது. சூரியன் எங்கே இருக்கிறது என்று பார்த்தாள்.

"சீக்கிரம் போவச் சொல்றாரு," என்றாள்.

தேசப்பனின் பிடி கொஞ்ச நேரம் இருந்தது. வேறு எதுவும் சொல்ல மூச்சு இல்லை. அவள் திரும்பவும் தலைப்புக்குள் போய் அவன் நெஞ்சைத் தேய்த்தாள். விசில் சத்தம் மெலிந்தது. தேவலையாகிறது என்று நினைத்தாள். அப்புறம் சத்தமே இல்லை. அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

காற்றும் விழுந்தது. தோணி ஆழமில்லாத சேற்றுப் பரப்பில் தட்டி நின்றது. எத்திராசன் இறங்கி இடுப்பளவுத் தண்ணீரில் தள்ளத் தொடங்கினான். தள்ளிக்கொண்டே முன்பக்கம் வந்தவன் நின்றுவிட்டான்.

"யக்கா... மாமா..."

"தூங்கறாரு."

"கண்ணு தெறந்து கீதுக்கா."

இருசம்மாள் கையை நீட்டி இமைகளை மூடினாள். "இப்ப தூங்கறாரு. தள்ளு."

"யக்கா, இது பாவம்கா."

"அந்த ரெண்டு பொண்ணுங்களுக்கு உன் பொண்டாட்டி எத்தினி நாளுடா சோறு போடுவா? நீயே சொல்லு. சொல்லிட்டு வேணா தோணிய திருப்பு."

எத்திராசன் தண்ணீரைப் பார்த்தான். பிறகு தோளைக் கொடுத்துத் தள்ளினான். அழுதுகொண்டே தள்ளினான். அழாதே என்று அதட்டினாள் அக்காள், கரையில் பார்ப்பார்கள். அழ வேண்டியவள் அவள். அழுதால் அது அறிவிப்பு. தோணியில் ஒப்பாரி எழுந்தால் முக்கால் நாழிகையில் ஏரி முழுக்கத் தெரிந்துவிடும்.

தேசப்பனின் வலது கை குளிர ஆரம்பித்திருந்தது. அவள் அதைக் கணப்புச் சட்டியின் மேல் பிடித்தாள். கொஞ்சம் இறங்கிவிட்டது. விரல் மேலிருந்த மயிர் சுருண்டு கருகியது. திடுக்கிட்டுக் கையை எடுத்து, "வலிச்சிச்சா?" என்று கேட்டுவிட்டாள்.

குப்பத்துக் கரையில் முதலில் வந்தவள் ராஜாத்தி. அடுத்த வீட்டுக்காரி. எந்தச் சட்டியில் எந்த மீன் வேகிறது என்று சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தே சொல்லக்கூடியவள். அவள் வராமல் தோணி கரை தட்டியதாகச் சரித்திரம் இல்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்து தேசப்பன் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள். வாயில் கை போயிற்று. மார்பு நிறையக் காற்றை இழுத்தாள், ஒப்பாரிக்கு.

இருசம்மாள் அவளையே பார்த்தாள்.

இழுத்த காற்றை ராஜாத்தி வேறு வழியில் விட வேண்டியிருந்தது. "அண்ணே! இப்டி களைச்சிப் போய் வந்துக்கீறியே! இளநி வெட்டியாரச் சொல்லவா?" என்று கோயில்வரை கேட்கிற மாதிரி கத்தினாள்.

கூட்டம் திரும்பியது. குப்பத்துத் தலைவரான நாட்டார் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார், பின்னாலேயே மாசிலாமணியும். மாசிலாமணியின் மகனுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. புதுத் தலைக்கட்டுக்கு ஓர் இடம் காலியாக வேண்டும். போன வருஷத்திலிருந்து அவன் தேசப்பனின் உடம்பைப் பற்றி மற்ற எவரையும்விட அக்கறையாக விசாரித்து வந்தான்.

"நாட்டாரே, ஆள ஒரு வார்த்த பேசச் சொல்லுங்க," என்றான் மாசிலாமணி.

"அவருக்குப் பேச முடியாதுன்னு உனுக்குத் தெரியாதா?" என்றாள் இருசம்மாள்.

"கண்ணையாவது தெறக்கச் சொல்லும்மா."

நாட்டார் தேசப்பனின் வலது கையைத் தொட்டார். சூடாக இருந்தது. அவர் மூக்கு ஒரு தடவை சுருங்கியது. கருகிய விரலைப் பார்த்தார், கணப்புச் சட்டியைப் பார்த்தார். இருசம்மாளை மட்டும் பார்க்கவில்லை. மாசிலாமணி பக்கம் திரும்பினார்.

"இன்னாப்பா, இந்த ஆளு செத்துட்டான்றியா?"

"நான் அப்டிச் சொல்லல..."

"சொல்லு, தப்பில்ல. குப்பமே பங்காளிங்க. பானை மூடறதுக்கு மின்னாடி சாவு வியுந்தா எல்லாருக்கும் தீட்டு. பானைய கவுத்துட்டு வூட்டுக்குப் போலாம். பதினாறு கயிச்சு வந்து எடுப்போம். அதுவரைக்கும் இறா நமக்காவ முகத்துவாரத்துல நின்னுகினு இருக்கும். இன்னா?"

இருசம்மாளுக்கு அந்த வழக்கம் தெரியாததில்லை. நடு ஏரியில் அது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். கூட்டத்து முகங்களைப் பார்த்தாள். ஒருவன் மேகம் பார்த்தான். ஒருவன் கால் சேற்றைக் கழுவினான். ராஜாத்தியின் புருஷன் தன் பனங்கொட்டையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தான். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவள் புருஷன் உயிரோடு இருக்க வேண்டும் என்று அன்றைக்கு ஊரே ஒரு மனதாக இருந்தது.

"ஆளு களைப்பா கீறாருன்னுதான் சொல்ல வந்தேன்," என்றான் மாசிலாமணி.

"கை நடுங்கும். நான் புடிச்சிக்கறேன்," என்றாள் இருசம்மாள். விரல்களுக்குள் சிப்பியை வைத்து, தன் விரல்களால் மூடி, பானை வாய்க்கு மேலே கொண்டுபோய்த் திறந்தாள். உள்ளே சின்னதாக ஒரு சத்தம். தென்திசையில் வெடி அதிர்ந்தபோது நாட்டார் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு பாதித் தூரம் போயிருந்தார்.

பானையிலிருந்து எடுத்து முடிக்கும்வரை அவள் தோணியிலேயே இருந்தாள். போகிற வருகிறவர்கள் மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். "தேசப்பா, ஒடம்ப பாத்துக்கோ." "சுக்கு குடுக்கிறியாம்மா?" குடுக்கிறேன் என்றாள். "ராத்திரி தூங்கினாரா?" தூங்கினார் என்றாள். இளநீரும் வந்தது. அதை வாங்கி அவன் உதட்டில் வைத்துச் சாய்த்து, வழிந்ததைத் துடைத்தாள்.

கோயில் பக்கம் கூச்சல் எழுந்தது. முகத்துவாரத்து இடத்துக்கு வெள்ளைச் சிப்பி வந்திருந்தது. இருக்கிற இடங்களிலேயே கொழுத்த இடம். தேசப்பன் ஆயுள் முழுக்க ஆசைப்பட்டும் ஒரு தடவைகூட விழாத இடம்.

"அதிர்ஷ்டக்காரன்பா தேசப்பன்!" என்று யாரோ பழக்கத்தில் கத்திவிட்டு, சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

கற்பூரம் காட்டி முடித்ததும் நாட்டார் கரைக்கு வந்தார். இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஏம்மா இருசு, முடிஞ்சிபோச்சு," என்றார். "இனிமே நீ பாத்துக்கோம்மா."

ராஜாத்தி அதற்காகவே காத்திருந்தவள்போல் வாயில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். பெண்கள் பின்னால் வந்தார்கள். ஆண்கள் முடிச்சுகளை அறுத்து, மணலில் பாய் விரித்துக் கிடத்தினார்கள். இருசம்மாள் பதறிப் போய் அவன் தலைக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கப் போனாள். ராஜாத்தி அந்தக் கையைப் பிடித்து மெல்ல இறக்கினாள்.

"எப்பக்கா போச்சு உயிரு?"

"இப்பத்தான்."

"கடைசியா எதுனா சொன்னாராக்கா?"

சுற்றி உட்கார்ந்தவர்கள் அழுகையைக் கொஞ்சம் தணித்துக்கொண்டார்கள். கடைசி வார்த்தை எல்லோருக்கும் வேண்டும். சாவுக்காக வலை போடாத அந்த ஒரு நாளைப் பேசிக் கழிக்க வேண்டுமே. தோணியைக் கரையேற்றிக்கொண்டிருந்த எத்திராசனும் நிமிர்ந்து பார்த்தான்.

"சீக்கிரம் போவச் சொன்னாரு," என்றாள் இருசம்மாள்.

"பாவி மனுசா! பொஞ்சாதி புள்ளைங்களுக்காவ உசுரப் புடிச்சிகினு வந்தியா!" ராஜாத்தி புதிய அடி எடுத்தாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். நல்ல வரிதான் அது. கருமாதிவரை தாங்கும்.

இருசம்மாள் அழவில்லை. உச்சி சாய்ந்த வெயில் தேசப்பன் முகத்தில் நேராக விழுந்தது. அவள் எழுந்து மறுபக்கம் போய், தன் நிழல் அவன் கண்கள் மேல் விழுகிற மாதிரி பார்த்து உட்கார்ந்தாள். வெயில் நகர்ந்தது. அவளும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.