ஒரு பக்கம் பெயின்ட்

என் மகள் ஜோஸ்லினின் கல்யாணத்துக்காக என் காரில் ஒரு பக்கத்துக்கு மட்டும் பெயின்ட் அடித்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். முப்பத்தோரு வருஷம் மலைப்பாதையில் ஸ்டியரிங் பிடித்தவன் நான். காரணமில்லாமல் எதையும் செய்ததில்லை.

கார் ஒரு அம்பாசிடர், எழுபத்திரண்டாம் வருஷத்து வண்டி. காப்பி எஸ்டேட்டின் ஆபீஸ் கார், நான் அதன் டிரைவர். எஸ்டேட் கைமாறியபோது எனக்குத் தரவேண்டிய பணத்தில் பாதிக்கு ஈடாக இந்தக் காரை என் தலையில் கட்டினார்கள். "உனக்குத்தான் இது மேல உசுராச்சே மனுவேல்" என்று எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் பல்லைக் காட்டினார். உயிர்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக அதையே கூலியாகக் கொடுப்பார்களா? வாங்கி வந்து, ஏற்காட்டுக்குப் பக்கத்தில் வாழவந்தியில் என் வீட்டு முன்னால் தார்ப்பாய் போட்டு நிறுத்தினேன். ஒன்பது வருஷம் மழையிலும் பனியிலும் நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ட் செய்து பார்த்து, அணைத்துவிடுவேன்.

கல்யாணம் நிச்சயமான அன்றே முடிவு செய்துவிட்டேன். ஜோஸ்லின் கோயிலுக்கு என் காரில்தான் போக வேண்டும், நான்தான் ஓட்ட வேண்டும். சாப்பாடு, மண்டபம், புடவை எல்லாம் என் மனைவி செல்வமேரியின் இஷ்டம். எனக்கு இருந்தது இந்த ஒரே ஆசை. சீட்டு எடுத்துச் சேர்த்து வைத்திருந்த எண்பதாயிரத்தை இதற்கென்று ஒதுக்கினேன்.

ஏற்காட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் சையத் இப்ராஹிமைக் கூட்டி வந்தேன். அவர் வண்டிக்கு அடியில் படுத்து அரை மணிநேரம் பார்த்தார். வெளியே வந்து, தலைமுடியிலிருந்து துருவைத் தட்டிவிட்டு, ஒரு அட்டையில் எழுதிக்கொண்டே போனார். பிரேக், முன் சக்கரத்துக் கிங்பின், ரேடியேட்டர், வயரிங், டிங்கரிங், பெயின்ட், சீட், பம்பருக்கு முலாம். அட்டையின் பின்பக்கமும் தேவைப்பட்டது.

"அண்ணே, மொத்தமும் செஞ்சா ரெண்டே கால் லட்சம் ஆகுமுங்க. எதைச் செய்யறது, எதை உடறதுன்னு நீங்களே சொல்லிப்போடுங்க."

"மொதல்ல வண்டி நிக்கோணும் பாய். அப்பறம் திரும்போணும். அப்பறம் ஏறோணும். மத்தது மிச்சமிருந்தா பாக்கலாம்."

செல்வமேரிக்கு வந்ததே கோபம். "ஏனுங்க, கல்யாணத்துக்கு வர்ற சனம் குனிஞ்சு பிரேக்கையா பாக்கப் போவுது? மொதல்ல பெயின்ட்ட அடிங்க. ஊட்டுலருந்து கோயிலு வரைக்கும் ஓடுனாப் போதாதா?"

"ஓடறது பெருசில்ல மேரி. நிக்கறதுதான் பெருசு."

அவளுக்கு அது புரியாது, ஏனென்றால் நான் அவளிடம் சொன்னதேயில்லை. ஜோஸ்லினுக்கு ஆறு வயதிருக்கும்போது காய்ச்சலில் வலிப்பு வந்தது. இதே காரில்தான் சேலத்துக்கு இறக்கினேன். பாதி மலை இறங்கியபோது பிரேக் பெடல் என் காலோடு தரைக்குப் போய்விட்டது. ஒன்றாம் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, மலைச்சுவரோடு உரசி உரசி அடிவாரம் கொண்டுவந்து சேர்த்தேன். பின்சீட்டில் செல்வமேரி, அவள் மடியில் பிள்ளை. "இன்னுங் கொஞ்சம் வெரசாப் போங்களேன், புள்ள கொதிக்குது" என்று அவள் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து எந்த வண்டியில் ஏறினாலும் என் கால் முதலில் பிரேக்கைத்தான் தேடும்.

ஆகவே பிரேக்குக்கு முதல் செலவு. நாலு சக்கரத்துக்கும் புது லைனிங், புது சிலிண்டர், குழாய்கள் எல்லாம் புதிது. அடுத்து கிங்பின், அடுத்து ரேடியேட்டர். இது முடிந்தபோது முப்பதாயிரம் மிச்சம் இருந்தது. பெயின்ட்டுக்கு இது போதும், சுமாராகவாவது அடித்துவிடலாம் என்று சந்தோஷப்பட்டேன். அப்போதுதான் இப்ராஹிம் பின்பக்கத்து ரப்பர் பாயைத் தூக்கினார். கீழே மண் தெரிந்தது. பலகை அகலத்துக்கு ஓட்டை. கல்யாணப் பெண் கால் வைக்கும் இடம் அது.

"என்னங்க பண்றது?" என்றார் இப்ராஹிம்.

"வெல்டிங் வையுங்க" என்றேன்.

ஓட்டையை அடைத்து, இற்றுப்போன சட்டத்தை மாற்றியதில் பெயின்ட் பணம் கரைந்தது. கடைசியில் கையில் ஒன்பதாயிரம். நான் யோசித்தேன். பெண் பின்சீட்டில் இடது பக்கம் உட்காருவாள். கோயில் மேட்டில் ஏறினால் வாசல் இடது பக்கம் வரும். இறங்குவதும் இடது பக்கம், ஜனம் நிற்பதும் இடது பக்கம், போட்டோ எடுப்பதும் அங்கிருந்துதான். வலது பக்கத்தைப் பார்க்கப்போவது எதிர்ப்பக்கத்துக் காம்பவுண்டுச் சுவர். இதைச் சொன்னதும் இப்ராஹிம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இடது பக்கத்தை மட்டும் தேய்த்து, பட்டி வைத்து, பால்வெள்ளை அடித்துக் கொடுத்தார். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் வண்டி நேற்று வாங்கியது மாதிரி இருந்தது. வலது பக்கம் பழைய சாம்பல் நிறம், கதவுக்குக் கீழே துரு.

ஓட்டிப் பார்க்க நானும் இப்ராஹிமும் அடிவாரம் வரை இறங்கினோம். டீ குடித்தோம். இருபது வளைவும் ஏறி வந்தோம். எங்கும் நிற்கவில்லை, கொதிக்கவில்லை. எனக்கு இருந்த கர்வத்துக்கு அளவே இல்லை.

ஜோஸ்லின் பெங்களூரிலிருந்து லீவில் வரும் அன்று, வெள்ளைப் பக்கம் ரோட்டைப் பார்த்திருக்கும்படி வண்டியை நிறுத்தி வைத்தேன். அவள் பஸ்ஸை விட்டு இறங்கி, காப்பித் தோட்டத்துக் குறுக்கு வழியாக வந்து தொலைத்தாள். அவள் கண்ணில் முதலில் பட்டது வலது பக்கம்.

"என்னப்பா இது, பாதி வண்டிக்கு அடிச்சிருக்கீங்க?"

கணக்கை விளக்கினேன். இடது பக்கம், வாசல், போட்டோ. அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

"அப்பா, ஷெர்வின் வின்டேஜ் கார் புக் பண்ணிட்டாங்கப்பா. சேலத்துல ஒரு கம்பெனி, அரை நாளைக்கு முப்பத்தஞ்சாயிரம். அட்வான்ஸ் குடுத்தாச்சு."

ஷெர்வின்தான் மாப்பிள்ளை. நல்ல பையன், இன்றும் அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

"நம்மளுதும் வின்டேஜ்தானே கண்ணு?"

"இல்லப்பா. இது பழைய காரு."

எனக்கு எரிந்தது. அந்த முப்பத்தஞ்சாயிரத்தை என்னிடம் கொடுத்திருந்தால் வலது பக்கமும் அடித்திருப்பேன், சீட்டும் மாற்றியிருப்பேன், பம்பரில் முகம் பார்க்கும்படி முலாமும் பூசியிருப்பேன். சொல்லவில்லை. "சரி சாமி, உங்க இஷ்டம்" என்றேன். செல்வமேரி அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்த பார்வையில், நான்தான் அப்போதே சொன்னேனே என்று எழுதியிருந்தது.

கல்யாணத்தன்று காலை அந்த வின்டேஜ் கார் ஏற்காட்டுக்கு வந்து சேர்ந்தது, லாரியின் முதுகில். மலை ஏறாதாம். பெண் அலங்காரத்துக்கு எடுத்திருந்த லாட்ஜ் முன்னால் சாய்வுப் பலகை போட்டு நாலு பேர் பிடித்து இறக்கினார்கள். நான் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். அதுவும் அம்பாசிடர்தான், என் வண்டிக்கு ஒன்றிரண்டு வயது மூப்பு. குங்குமச் சிவப்பில் பளபளவென்று இருந்தது. விளக்கு வளையங்கள் தங்க நிறம். லாட்ஜில் அலங்காரம் முடித்து வெள்ளைக் கவுனில் வந்த ஜோஸ்லின் அதைப் பார்த்ததும் கையைத் தட்டினாள். எனக்கும் ஒரு நிமிஷம், அவள் சந்தோஷப்பட்டால் போதும் என்றுதான் தோன்றியது.

செல்வமேரியும் சொந்தக்காரர்களும் வேனில் முன்னாலேயே கோயிலுக்குப் போய்விட்டார்கள். சிவப்புக் காரில் ஜோஸ்லின் ஏறினாள், தொப்பி போட்ட டிரைவர் எடுத்தான். நான் என் வண்டியில், தனியாக, பின்னால் போனேன்.

கோயில் மேட்டில் பாதி ஏறியதும் சிவப்புக் காரின் பானட்டிலிருந்து ஆவி கிளம்பியது. இரண்டு முறை குலுங்கி நின்றது. சரி, நின்றுவிட்டது என்று நினைத்தேன். நிற்கவில்லை. பின்னால் உருள ஆரம்பித்தது. பிரேக் விளக்கு எரிகிறது, சக்கரம் சுற்றுகிறது. டிரைவர் மிதி மிதியென்று மிதிப்பதில் அவன் தோள் எழும்பி எழும்பி இறங்குவது பின்கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அதே கண்ணாடியில் என் மகளின் வெள்ளை முக்காடும் தெரிந்தது.

நான் வண்டியை ஒரு அடி முன்னால் விட்டு, என் பம்பரை அதன் பம்பரில் கொடுத்து, பிரேக்கை மிதித்தேன். டங்கென்று ஒரு சத்தம். இரண்டு வண்டியின் பாரமும் என் காலில் இறங்கியது. பெடல் கல் மாதிரி நின்றது. ஒரு விரல்கடைகூட நகரவில்லை.

மேட்டில் நின்றவர்களுக்குக் கேட்டது அந்த டங் மட்டும்தான். நாலு பேர் ஓடி வந்து சக்கரங்களுக்குக் கல் வைத்தார்கள். தொப்பிக்காரன் இறங்கி வந்து, பம்பரைத் தடவிப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினான்.

"பின்னாடி வந்து இடிச்சுப்போட்டாருங்க! ஓனருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அவன் கண்ணைப் பார்த்தேன். அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியும். கன்னத்தில் ஒன்று விட்டிருப்பேன், அதற்குள் ஜோஸ்லின் ஜன்னலில் தலையை நீட்டினாள். முகம் சிவந்திருந்தது. வண்டி குலுங்கிய குலுங்கலில், அது பின்னால் உருண்டது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"ஏம்ப்பா இப்படிப் பண்ணீங்க? உங்க வண்டியில வரலைன்னு கோவமா... இன்னைக்குமாப்பா?"

வாய் வரை வந்துவிட்டது. உன் காரில் பிரேக் இல்லை கண்ணு, நீ பள்ளத்துக்கு உருண்டுகொண்டிருந்தாய் என்று. சொன்னால் என்ன ஆகும்? கோயிலுக்குள் நடுங்கிக்கொண்டு போவாள். புக் செய்த மாப்பிள்ளை கூட்டத்தின் முன்னால் தலைகுனிவான். முன்பு ஒருமுறை வாயை மூடிக்கொண்டு ஓட்டியவன்தானே நான், இப்போதும் மூடிக்கொண்டேன். ஆனால் அன்று வலிக்கவில்லை, இன்று வலித்தது.

பங்குச் சாமியார் நேரமாகிறது என்று ஆள் அனுப்பினார். இறங்கி நடக்கலாம் என்றால் கவுன் புழுதியில் புரளும், என் வண்டிக்கு மாறினால் சிவப்புக் காரிலிருந்து இறங்குகிற படம் போய்விடும் என்றார் போட்டோகாரர். கடைசியில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். என் வண்டியைச் சிவப்புக் காருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். டிக்கியிலிருந்து கயிற்றை எடுத்து, இரண்டு வண்டியையும் இணைத்து நானே மூன்று முடிச்சுப் போட்டேன். பின்னாலேயே கல்லோடு இரண்டு பேரை நடக்கச் சொன்னேன். ஒன்றாம் கியரில், முட்டை கொண்டுபோகிற மாதிரி, அவளை மேட்டுக்கு ஏற்றினேன். கோயில் வாசலில் வண்டி நின்றபோது, என் கணக்குப்படியே வெள்ளைப் பக்கம் ஜனங்களைப் பார்த்திருந்தது. ஒருவரும் பார்க்கவில்லை.

"அங்கிள், சக்கரத்துக்குக் கல்லு வச்சாச்சு. கயித்தை அவுத்துட்டு உங்க வண்டிய அப்பால எடுத்துருங்க, பிரேம்ல வருது" என்றார் போட்டோகாரர்.

ஜோஸ்லினும் உள்ளேயிருந்து, "சீக்கிரம் எடுத்துருங்கப்பா" என்றாள்.

எடுத்தேன். கோயிலுக்குப் பின்னால் விட்டுவிட்டு ஓடி வந்து அவளுக்குக் கை கொடுத்தேன். கயிற்றின் அழுக்கு என் சட்டைக் கையில் ஒட்டியிருந்தது. கவுனில் பட்டுவிடக் கூடாதென்று அவள் விரல் நுனியால் என்னைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

ஒரு மாதம் கழித்து ஆல்பத்தின் படங்கள் செல்வமேரியின் போனுக்கு வந்தன. சிவப்புக் கார், மேடு, பின்னால் கோபுரம், ஜன்னலில் ஜோஸ்லின். நன்றாகத்தான் இருந்தது. என் வண்டி எதிலும் இல்லை. ஒரே ஒரு படத்தில், சிவப்புக் காரின் முன்னால், படத்தின் ஓரத்துக்குப் போகும் ஒரு முழம் கயிறு மட்டும் இருந்தது. அந்தப் படத்தை நான் அடிக்கடி எடுத்துப் பார்த்தேன். செல்வமேரிக்குக்கூடத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஜோஸ்லின் பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள். குரலில் கோபமெல்லாம் போய்விட்டிருந்தது. சாப்பிட்டீங்களா, பனி அதிகமா என்றெல்லாம் கேட்டாள்.

"அப்பா, ஒரு உதவி. நாப்பதாவது படத்துல ஒரு கயிறு தெரியுது. அதைத்தான் நாங்க பெருசா பிரேம் போட்டு ஹால்ல மாட்டப் போறோம். போட்டோகாரர் போனை எடுக்க மாட்டேங்கறாரு. நீங்க அங்கதானே இருக்கீங்க, நேர்ல போய்ச் சொல்லி அதை எடுக்கச் சொல்றீங்களா?"

"சரி கண்ணு."

காரை எடுத்துக்கொண்டு ஏற்காட்டுக்குப் போனேன். ஸ்டுடியோ முன்னால் இறக்கத்தில் நிறுத்தினேன், சொன்ன இடத்தில் நின்றது. போட்டோகாரர் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்து, பெரிதாக்கி, என் பக்கம் திருப்பினார்.

"எதுங்க அங்கிள், இதுங்களா?"

"அதேதான்" என்று விரலை வைத்துக் காட்டினேன். அவர் இரண்டு முறை தேய்த்தார், கயிறு போய்விட்டது.