பூட்டிய கக்கூஸ்

அந்த வாரத்தில் மூன்றாவது முறையாகப் பள்ளிக்கூடத்திலிருந்து போன். கம்பெனி லைனில் நின்று கார் கண்ணாடிக்கு ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்த செல்வமேரி, சூப்பர்வைசரின் முறைப்பை வாங்கிக்கொண்டு பிள்ளைப்பாக்கம் பள்ளிக்கு ஓடினாள்.

ஒன்றாவது படிக்கும் மகள் லிடியா, பின்பக்கம் கறைபட்டு நனைந்த பாவாடையோடு வராந்தா மூலையில் தனியாக நின்றாள். பேதி என்று நினைத்து செல்வமேரி மருந்துக்கடையில் கேட்டு மருந்து கொடுத்திருந்தாள். நிற்கவில்லை. "சொல்றதுக்கு இன்னா கேடு உனக்கு?" என்று நேற்று முதுகில் இரண்டு அடியும் வைத்திருந்தாள்.

நேராக டாக்டரிடம் போனாள். அவர் குழந்தையின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"பேதி இல்லம்மா, மலச்சிக்கல். உள்ளே கல்லு மாதிரி இறுகியிருக்கு. அதைச் சுத்தித் தண்ணியா கசியுது. அது வர்றதே இவளுக்குத் தெரியாது. பேதிய நிறுத்துற மருந்து இன்னும் இறுக்கிடும். பாப்பா, வந்தா ஏன் அடக்கிக்கிற?"

"ஸ்கூல் பாத்ரூம் பூட்டிக்கீது. வூட்ல போய் கக்கூஸ் போன்னாங்க மிஸ்ஸு."

செல்வமேரிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை வேலைக்குப் போகவில்லை. தலைமை ஆசிரியை முன்னால் போய் நின்றாள்.

"பசங்க அசிங்கம் பண்றாங்கம்மா. அதான் பூட்டு."

"டீச்சருங்க பாத்ரூமும் பூட்டிக்கீதா மேடம்?"

தலைமை ஆசிரியை மேஜைமேல் இருந்த நோட்டைப் புரட்டினாள்.

"எம் பொண்ணு வயித்துல கல்லு வச்சிக்கினு திரியறா. நான் அவளையே அடிச்சேன். சாவி குடுங்க!"

சத்தம் கேட்டு, பிள்ளைகளை விட வந்த தாய்மார்கள் வாசலில் கூடினார்கள். "எம் பையன் சாயந்தரம் வரைக்கும் தண்ணியே குடிக்க மாட்டான்" என்றாள் மீனம்மாள். "இதனாலதானா?"

சாவி வந்தது. திறந்தால், உள்ளே உடைந்த பெஞ்சுகள். குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பெஞ்சுகள் வெளியேறித் தண்ணீர் வரும்வரை ஒருத்தியும் நகரவில்லை. மதியம் இரண்டு மணி ஆயிற்று.

டாக்டர் சொன்னபடி தினமும் சிரப். சாப்பிட்டதும் பத்து நிமிடம், காலுக்கு முக்காலி போட்டு உட்கார வைத்தாள். மூன்றாவது வாரம் லிடியா உள்ளிருந்து கத்தினாள்: "அம்மா, வலிக்கவே இல்ல!"

அப்பா சாம்ராஜ் கைதட்டிச் சிரித்தான்.

செல்வமேரி துண்டோடு உள்ளே போனாள். துடைத்துவிட அவள் கையை உயர்த்தியதும் குழந்தை சட்டென்று தோளைக் குறுக்கிக்கொண்டது. அந்தப் பள்ளிக்கூடத்தின் மேல் வந்த கோபமெல்லாம் இப்போது தன் மேல் வந்த கோபத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்றிருந்தது அவளுக்கு.