அரை அங்குலம்

தையல்காரம்மாவுக்கு ஆட்களின் முகம் நினைவில் நிற்காது, தோள்தான் நிற்கும். தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் திருதிருவென்று விழிப்பாள். அந்த ஆள் திரும்பி நடந்ததும், "அட, பதினேழரை அங்குலம்! நில்லுங்க" என்று கூப்பிடுவாள். அதனால்தான் முகமூடி மாட்டிக்கொண்டு வந்தவர் அவளிடம் மாட்டிக்கொண்டார்.

பட்டப்பகலில் முகமூடி போட்ட ஐந்து போலீஸ்காரர்கள் கதவை உடைத்துக்கொண்டு வந்தார்கள். கோர்ட் உத்தரவு இருக்கிறதா என்று கேட்டாள். முன்னால் நின்றவர், "அசையாதே!" என்று ஒரே அதட்டல். தைத்து வைத்த துணியெல்லாம் தரைக்கு வந்தது. பஸ் ஓட்டுகிற அவள் வீட்டுக்காரரை, சொந்த வீட்டில், ஒரு மணி நேரம் முட்டி போட வைத்தார்கள். தேடி வந்தது கிடைக்கவில்லை, போய்விட்டார்கள். அன்று குனிந்த தலைதான், மனுஷன் அப்புறம் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

புகார் கொடுக்கப் போன ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் முதுகைக் காட்டி நின்றிருந்தார். பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே தோள்.

"விட்டுடும்மா. அவங்க அரசாங்கம், நாம யாரு?" என்றார் வீட்டுக்காரர்.

"அரசாங்கமா வந்து கதவை உடைச்சுது? ஒரு ஆள்தாங்க உடைச்சான். இடது தோள் அரை அங்குலம் இறக்கம்."

மனுவிலும் அதையே எழுதச் சொன்னாள். வக்கீலம்மா தலையில் அடித்துக்கொண்டே எழுதினார்.

கோர்ட்டில் இன்ஸ்பெக்டர், தான் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை என்று சாதித்தார். அவருடைய வக்கீல் எழுந்து, "டியூட்டியில இருக்கிற அதிகாரி மேல தனியா வழக்கு போட முடியாதுங்க. போடணும்னா அரசாங்கத்து மேல போடட்டும்" என்றார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "வீட்டுக்குள்ள நிம்மதியா இருக்கிற உரிமை இந்தம்மாவோடது. அரசியல் சட்டம் கொடுத்தது. அதை மீறினது ஒரு ஆள்னா அந்த ஆள்தான் பதில் சொல்லணும். இவர்தானா அந்த ஆள்னு தெரியலேன்னா வழக்கு இன்னைக்கே தள்ளுபடி." பிறகு தையல்காரம்மாவைப் பார்த்தார். "டேப் இருக்காம்மா?"

இருக்காதா பின்னே! அது எப்போதும் அவள் கழுத்தில்தான் கிடக்கும்.

இன்ஸ்பெக்டர் கூண்டிலிருந்து இறங்கி வந்து கைகளைத் தொங்கவிட்டு நின்றார். அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. துப்பாக்கியோடு வீட்டுக்குள் வந்த மனுஷன்; இப்போது தீபாவளிச் சட்டைக்கு அளவு கொடுக்கிறவர் மாதிரி நிற்கிறார். எது கொண்டுவந்து நிறுத்தியது இவரை? நாலு பக்க மனு! அம்மாடி, காகிதத்துக்கு இவ்வளவு பலமா என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது.

தரையில் டேப்பின் நுனியை மிதித்துக்கொண்டு வலது தோளை அளந்தாள். ஐம்பத்தேழு. இடது பக்கம் வந்தபோது இன்ஸ்பெக்டர் அந்தத் தோளை மெல்ல ஏற்றினார். எத்தனை பேர் தொந்தியை எக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தவள் அவள்! எல்லோரிடமும் சொல்கிற அதே வார்த்தை பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது.

"அசையாதீங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்தது. இன்ஸ்பெக்டர் அசையவில்லை. தோள் தானாக இறங்கியது.

"ஐம்பத்தாறரைங்க, ஐயா."

நீதிபதி எழுதிக்கொண்டார். "வழக்கு நடக்கும்."

கடைசி பெஞ்சில் அவள் வீட்டுக்காரர் எழுந்து நின்று இன்ஸ்பெக்டரின் முகத்தை நேராகப் பார்த்தார்.